இரண்டு இனிஷியல் உள்ள வீடு

2011ஆம் ஆண்டு தை மாதத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. எனக்கு அது முதல் திருமணம், மனைவிக்கு இரண்டாவது. அவருடைய முதல் கணவர் வத்தலக்குண்டு சாலையில் நடந்த விபத்து ஒன்றில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 13 வயதில் ஒரு மகனும் 7 வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை. நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழக அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் அதற்கென ஒரு நிதியுதவித் திட்டத்தையே நடத்துகிறது. தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறார்கள். ஆனால் அந்தத் தாலி கட்டப்பட்ட மறுநாள் காலையில், முந்தைய திருமணத்துப் பிள்ளைகளின் முன்னால் ஒரு புதிய மனிதன் எப்படிப் போய் நிற்பது என்பதைச் சொல்லித்தர எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நிலையில் இப்போது இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாள் மனைவியின் பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, இறந்தவருடைய படத்தைப் புது வீட்டின் கூடத்தில் மாட்ட வேண்டாம், பரணில் வைத்துவிடலாம், திதியன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு அந்தப் படம் அப்பா. நான் வந்த அன்றே அப்பா பரணுக்குப் போனார் என்றால், அவர்கள் மனத்தில் எனக்குக் கிடைக்கும் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசித்தால் போதும். தென்சுவரில் ஆணி அடித்து நானே மாட்டினேன். பையன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். படம் சாய்ந்திருந்தது போலும். "கொஞ்சம் இடது பக்கம் ஏத்துங்க" என்றான். அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். படத்துக்குக் கீழே எரியும் சிறு விளக்குக்கு வயர் இழுக்க, பிளக்பாயிண்ட் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். காட்டினான். பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்த ஒரு முடிவிலிருந்தே மற்ற எல்லாம் கிளைத்தன என்பது என் எண்ணம். மாற்றுத் தந்தையாக வருகிறவர் இறந்தவருடைய இடத்தைப் பிடிக்க வரவில்லை, அந்த இடத்துக்குக் காவலாக வந்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அவருக்கென்று வேறோர் இடம் தானாக உண்டாகிறது. இதை வாயால் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

எப்படி அழைப்பது என்ற கேள்வி எல்லாருக்கும் வருகிறது. சொந்தக்காரர்கள் முதல் நாளே, "அப்பான்னு கூப்பிடு, கூப்பிடு" என்று பிள்ளையின் தோளைத் தட்டுவார்கள். அதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டியது மாற்றுத் தந்தையே. தாய் சொன்னால், புதுக் கணவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் சின்னவள் தன் போக்கில் 'சித்தப்பா' என்று ஆரம்பித்தாள். பெரியவன் வெகுகாலம் எந்த முறை வைத்தும் அழைக்கவில்லை. "அவங்க சாப்பிட்டாங்களாம்மா?" என்று, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தாயிடம் கேட்பான். பதில் நானும் தாய் வழியாகவே சொல்லாமல், "சாப்பிட்டேன் தம்பி" என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். முறை சொல்லாமல் ஒரு பிள்ளை ஓராண்டு இருந்தால் குடி முழுகிவிடாது. பின்னர் அவனும் தங்கையைப் பின்பற்றிச் 'சித்தப்பா' என்றான். இன்றும் அப்படித்தான் அழைக்கிறான்.

அடுத்தது இனிஷியல். நம் ஊரில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்து தகப்பன் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. அதனால் மறுமணமான குடும்பங்கள் பலவற்றில், பள்ளி மாற்றும் சாக்கில் அதை மாற்றிவிடலாமா என்ற எண்ணம் எழுகிறது. எனக்கும் ஆலோசனை சொன்னார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு அரசிதழில் வெளியிட்டுத்தான் மாற்ற முடியும், இப்போதே செய்துவிடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். எங்கள் முடிவு, மாற்றுவதில்லை என்பது. பையனுக்கு அப்போதே விவரம் தெரியும் வயது. தன் பெயரைத் தானே எழுதிப் பழகிய ஒருவனிடம் போய், நாளை முதல் உன் தகப்பன் எழுத்தை விட்டுவிடு என்று சொல்வது எப்படிப்பட்ட செயல்?

தத்து எடுப்பதைப் பற்றியும் யோசித்தோம். சட்டப்படி வழி இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி, தனி வழக்காறு இருந்தாலொழிய பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஆண் ஒருவர் பெண் பிள்ளையைத் தத்தெடுத்தால் அவர் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் எங்களுக்குத் தடையாக இல்லை. ஆனால் அதே சட்டம், தத்துப் போன நாளிலிருந்து பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு அற்றுப்போகிறது என்றும் சொல்கிறது. அதற்கு முன்பே பிள்ளையின் பெயருக்கு வந்துவிட்ட சொத்து மட்டும் பிள்ளைக்கே நிற்கும். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பக்கத்து ஊரில் பேரப்பிள்ளைகளை நினைத்து உட்கார்ந்திருக்கும்போது, காகிதத்தில்கூட அந்தத் தொடர்பை அறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தகப்பன் கைவிட்டுப் போய், அவர் வழிச் சொந்தமும் எட்டிப் பார்க்காத பிள்ளைகளுக்குத் தத்தெடுப்பு மிகப் பெரிய பாதுகாப்பு. அவர்கள் தயங்க வேண்டியதில்லை. எங்கள் நிலை அதுவல்ல, அவ்வளவே.

அந்தத் தாயைத்தான் பிள்ளைகள் அப்பத்தா என்று அழைப்பார்கள். மருமகள் மறுமணம் செய்துகொண்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, பேரப்பிள்ளைகள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இருந்தது. இதோடு பணப் பேச்சும் சேர்ந்துகொண்டது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய தொகையில் பிள்ளைகளின் பங்கை, அவர்கள் 18 வயதை எட்டும்வரை அரசுடைமை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட உத்தரவிட்டிருந்தது. இப்படி உத்தரவிடுவது வழக்கமான நடைமுறைதான். வட்டியை மட்டும் தாய் காப்பாளராக எடுத்துக்கொள்ளலாம். "அந்தப் பணத்துக்காகத்தான் கட்டிக்கிட்டான்" என்று என் காதுபடவே ஒருவர் பேசினார். நான் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை. முதல் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பத்தா வீட்டுக்குப் போனபோது, வைப்புத்தொகை ரசீதின் நகலை மனைவியின் கையால் அவரிடம் கொடுக்கச் சொன்னேன். வட்டி எந்தக் கணக்குக்கு வருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதையும் மனைவியே விளக்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன்: மைனர் பணம் உள்ள வீட்டில் மாற்றுத் தந்தையின் கையெழுத்து எந்தத் தாளிலும் விழாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. அதன்பின் அந்தப் பேச்சு அடங்கியது. பள்ளி விடுமுறைதோறும் பிள்ளைகள் அப்பத்தா வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. அங்கே கொண்டுபோய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும் என் வேலை. வாசலோடு திரும்பாமல் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு வருவேன். அந்த வீட்டில் எனக்கு மரியாதை வந்த பிறகு, என்னோடு நெருங்குவது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் பெரியவனிடமிருந்து மெல்ல விலகியதை நான் கண்ணால் பார்த்தேன். மாற்றுப் பெற்றோர் பலர் இந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். இறந்தவரின் அல்லது பிரிந்தவரின் குடும்பம் தொலைவாக இருந்தால் புதுக் குடும்பம் நெருக்கமாகிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பொய்க்கிறது.

மகாளய அமாவாசைக்குத் திருப்புவனம் வைகைக் கரைக்குப் பெரியவனை அழைத்துச் சென்றதை இங்கே சொல்ல வேண்டும். அதுவரை அவனுடைய பெரியப்பா அழைத்துப் போவார். அந்த ஆண்டு அவருக்கு உடம்பு முடியவில்லை. எள்ளும் தண்ணீரும் விடும்போது மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா பெயரைச் சொன்னான், தாத்தா பெயரைச் சொன்னான், கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் கரையில் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அப்பத்தாவுக்குப் போன் போட்டு, கூட்டத்தின் இரைச்சலில் இரண்டு முறை கேட்டு, அந்தப் பெயரை அவனுக்கு உரக்கச் சொன்னேன். பேருந்தில் திரும்பும்போது, தன் கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார், அப்பா சின்ன வயதில் எந்தப் பள்ளியில் படித்தார் என்றெல்லாம் அவனாகவே பேசிக்கொண்டு வந்தான். இறந்த தகப்பனைப் பற்றிப் பிள்ளை யாரிடமாவது பேச வேண்டும். தாயிடம் பேசினால் தாய் அழுகிறாள் என்று பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மாற்றுத் தந்தை முகம் மாறாமல் கேட்பவராக இருந்தால் அந்தப் பேச்சு அவரிடம் வந்து சேருகிறது.

கண்டிப்பைப் பற்றி. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கண்டிப்பு தாயுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பெரியவன் டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கபடி ஆடப் போனது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொன்னேன். மறுநாள் அவர் விசாரித்தார், அவரே தண்டனையும் சொன்னார். நான் எதிரில் இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சமயம், தாய் கண்டித்ததை நான் பின்னால் போய்த் தளர்த்தவும் இல்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து நல்லவன் பெயர் எடுப்பது மலிவான வழி, அதைப் பிள்ளைகள் விரைவில் விலை பேசக் கற்றுக்கொள்வார்கள். தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "இரு, அவரு வரட்டும்" என்று மிரட்டுவது நம் வீடுகளில் மூச்சு விடுவதுபோல வந்துவிடும். பெற்ற தகப்பன் இருக்கும் வீட்டில் அது பலிக்கலாம். எங்களைப் போன்ற வீட்டில், மாலை வேளையில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும்படி செய்துவிடும். மனைவி அந்தச் சொல்லை அடியோடு விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் அவர் செய்தார், அது என் யோசனை அன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகள் இருவரையும் மட்டும் அழைத்துக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்கோ மலைக்கோட்டை அடிவாரத்துக்கோ போய்வருவார். என்னைக் கூப்பிட மாட்டார். தொடக்கத்தில் எனக்கு அது சற்று உறுத்தியது என்றாலும், அவர்கள் மூவரும் துக்கத்திலும் ஒன்றாகவே இருந்தவர்கள், அவர்களுக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்பது புரிந்தபின் வீட்டில் தனியே கிடைத்த அந்த மாலை எனக்கும் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால் நாற்பது வயதுவரை தனியாக இருந்தவனுக்கு அந்த அமைதி தேவையாகவும் இருந்தது.

பதினோராம் வகுப்புப் படிக்கும்போது கபடியில் விழுந்து பெரியவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. மனைவி நத்தம் பக்கம் பயிற்சி வகுப்பில் இருந்தார். நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சேர்க்கும் இடத்தில், "அப்பாதானே சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினார்கள். போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் என்ற இடத்தில் தந்தை, தாய் என்னும் சொற்களில் மாற்றுத் தந்தையும் மாற்றுத் தாயும் அடங்க மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. எனக்கு அது தொழில்முறையில் தெரியும். அதைவிட, பையன் பக்கத்தில் கையைத் தாங்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "நான் அவனுக்குச் சித்தப்பா முறை. அம்மா ஒரு மணி நேரத்துல வந்துருவாங்க, ஆபரேஷனுக்கு அவங்க கையெழுத்துப் போடுவாங்க. வலிக்கு ஊசி, கட்டு, எக்ஸ்ரே எல்லாம் இப்பவே பாருங்க, பணம் நான் கட்டுறேன்" என்றேன். அதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவன், "சித்தப்பா, அம்மாகிட்ட டோர்னமெண்ட்டுன்னு சொல்லாதீங்க, பி.டி. பீரியட்ல விழுந்தேன்னு சொல்லிருங்க" என்றான். சொல்ல மாட்டேன், நீயே உண்மையைச் சொல்லிவிடு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். பொய்க்குத் துணை கேட்கும் அளவுக்கு என்னை அவன் வீட்டு ஆளாக நினைத்தது எனக்குள்ளே மகிழ்ச்சிதான்.

பெண் பிள்ளையிடம் பழகுவதில் மாற்றுத் தந்தைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அன்று. அவள் தன் வீட்டில் தயக்கமின்றி நடமாட வேண்டும் என்பதற்காக. அவள் அறைக்குக் கதவைத் தட்டிவிட்டே போவது, மடியில் உட்கார்வதோ தோளில் சாய்வதோ அவளாக வந்தால் உண்டு, நாமாக இழுத்துக் கொஞ்சுவதில்லை என்பது, இரண்டும் முதல் நாளிலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். அவள் பெரிய மனுஷியானபோது நடந்த மஞ்சள் நீராட்டு விழாவில் சீர் தாய்மாமனுடையது. தண்ணீர் ஊற்ற அத்தைமார் வேண்டும், அத்தை என்றால் இறந்த தகப்பனின் உடன்பிறந்தவர்கள். அப்பத்தா குடும்பத்தோடு உறவு கெட்டிருந்தால் அந்த மேடையில் ஓர் ஓட்டை விழுந்திருக்கும். மூன்று அத்தைமாரும் வந்து நிறைவாகச் செய்தார்கள். எனக்கென்று சடங்கில் இடமில்லை. பந்தி, வாடகைப் பாத்திரம், ஷாமியானாக்காரரின் பாக்கி ஆகியவை என் பொறுப்பில் இருந்தன. அந்த வீட்டில் யாரும் என்னை வேற்றாளாக எண்ணவில்லை. ஏப்பம் விட்டுக்கொண்டே சாம்பாரில் உப்பு குறைவு என்று என்னிடம்தான் புகார் சொன்னார்கள்.

இதற்கிடையில் எங்களுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தாள். அவளுடைய இனிஷியல் வேறு. கடைத்தெருவில் பார்ப்பவர்கள், "இதுதான் உங்க சொந்தப் பிள்ளையா?" என்று மூத்தவர்கள் காதுபடவே கேட்பார்கள். "இது கடைக்குட்டி" என்பதே என் பதில். குழந்தை பிறந்த முதல் ஆண்டில், மூத்த இருவருக்காக முன்பு செய்து வந்த எதையும் குறைக்காமல் இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பெரியவனை விடியற்காலையில் டியூஷனில் கொண்டுபோய் விடுவதை, இரவெல்லாம் குழந்தை அழுது தூக்கமில்லாத நாட்களிலும் நிறுத்தவில்லை. அன்பைப் பங்கு போட்டுக் காட்ட முடியாது. நேரத்தைக் காட்ட முடியும், பிள்ளைகள் அதைத்தான் கவனிக்கிறார்கள்.

மாற்றுத் தாயாக வருகிறவர்களின் பாடு இதைவிடக் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி, மனைவியை இழந்த ஒருவரை மணந்துகொண்டவர். மாற்றுத் தந்தை காலையில் வேலைக்குப் போய் மாலையில் வந்தால் போதும். மாற்றுத் தாயோ சோற்றிலும் சடைப்பின்னலிலும் நாள் முழுதும் ஒப்பிடப்படுகிறார். "எங்கம்மா புளிக்குழம்புல வெல்லம் போடுவாங்க" என்று பிள்ளை சொன்னபோது, அவர் கோபிக்காமல், எவ்வளவு போடுவார்கள் என்று அந்தப் பிள்ளையையே அடுப்படிக்கு அழைத்துப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். பிள்ளை ஒரு கட்டி வெல்லத்தை அப்படியே போட்டு, அன்றைய குழம்பை யாரும் சாப்பிட முடியாமல் போனதாம். அடுத்த வாரமே இருவரும் சேர்ந்து சரியான அளவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மணவிலக்கான குடும்பங்களில் பெற்றவர் உயிரோடு இருப்பதால் நிலைமை வேறு. அங்கே மாற்றுப் பெற்றோர் செய்யக்கூடிய முதல் நன்மை, நீதிமன்றம் குறித்த சந்திப்பு நாளைத் தட்டாமல் பிள்ளையை அனுப்பிவைப்பதும், திரும்பி வந்ததும் அங்கே என்ன பேசினார்கள் என்று தோண்டாமல் இருப்பதும்தான்.

கடைசியாக, பலரும் கவனிக்காமல் விடும் சொத்து விஷயம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, நான் உயில் எழுதாமல் இறந்தால் என் சொத்து மனைவிக்கும், எனக்குப் பிறந்த மகளுக்கும், உயிரோடு இருந்தால் என் தாயாருக்கும் போகும். மூத்த இருவரும் என் வாரிசுகள் ஆக மாட்டார்கள். தாயின் பங்கு வழியாக மட்டும் அவர்களுக்கு ஏதேனும் வரலாம். ஒரே வீட்டில் ஒரே குடும்ப அட்டையில் வளர்ந்த மூவருக்குள் நாளை மனக்கசப்பு வர இது ஒன்று போதும். எனவே நாங்கள் வீடு கட்டி முடித்தவுடன், மூவருக்கும் சம பங்கு என்று உயில் எழுதினேன். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தேன். எழுதியதை ஒளித்து வைக்காமல், பிள்ளைகள் மூவரையும் உட்காரவைத்துப் படித்தும் காட்டினேன்.

அப்போது பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் என்பதில் மாற்றுத் தந்தையையும் மாற்றுத் தாயையும் சேர்த்திருக்கிறது என்பதை அவனிடம் வேடிக்கையாகச் சொன்னேன்: நாளைக்கு நீ சோறு போடவில்லை என்றால் நான் மனுப் போடலாம், ஆனால் உயில் இல்லாவிட்டால் என் வீட்டில் உனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது, சட்டத்தின் நியாயத்தைப் பார்த்தாயா என்றேன். "அப்படின்னா வீட்டு வரியை இனிமே நான் கட்டிர்றேன் சித்தப்பா, மனுப் போட்டுறாதீங்க" என்றான். இன்றுவரை அவன்தான் கட்டுகிறான். ரசீதை மட்டும் ஒவ்வொரு முறையும் நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.